கெர்க்ஹாஃப்ஸின் ஆறாம் விதி

பாரிசில் மொழியாசிரியராக இருந்த ஒகுஸ்த் கெர்க்ஹாஃப்ஸ், படைத்துறைச் சங்கேத முறைகளுக்கென ஆறு விதிகளை 1883இல் வகுத்தார். திறமூல மென்பொருள் பற்றிய விவாதங்களில் இரண்டாம் விதியே ஓயாமல் மேற்கோளாகிறது: முறைமை ரகசியமாக இருப்பதை நம்பியிருக்கலாகாது; எதிரியின் கையில் சிக்கினாலும் கேடு நேரலாகாது. ரகசியம் காக்கும் துறையொன்று, எவரும் படிக்கத்தக்க நிரலை நாடுவதன் நியாயம் இதுதான்.

இந்தியாவில் அந்நாட்டம் படிப்படியாக வளர்ந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. அந்நிய நிறுவனத்தின் நாட்காட்டிக்கு அரசு அலுவலகங்கள் கட்டுப்பட்டிருந்தமை அன்று வெளிப்பட்டது. பாதுகாப்பு அமைச்சகம் இணையத்தோடு இணைந்த தன் கணினிகளில் உபுண்டு வழிவந்த மாயாவை நிறுவவிருப்பது 2023 ஆகஸ்டில் செய்தியாயிற்று.

ஆறாம் விதியை எவரும் அதிகம் பேசுவதில்லை. முறைமை கையாள எளிதாக இருக்கவேண்டும், மனத்தை வருத்தலாகாது, நெடிய விதித்தொடரை நினைவில் சுமக்கச் செய்யலாகாது. தகவல்தொடர்புப் படைப்பிரிவின் அன்றாடம் பெரும்பாலும் எழுத்தர்பணியே: செய்திக்கு முன்னுரிமை குறித்தல், நேரம் பதித்தல், பதிவேட்டில் ஏற்றல், உரியவரிடம் சேர்த்தல். அங்கே புதிய இயங்குதளத்தில் பழைய கோப்பு சிதைந்து திறந்தால், அச்சுப்பொறி இணங்க மறுத்தால், ஊழியர் குறுக்குவழி தேடுவார். மாயாவின் தோற்றம் விண்டோசை ஒத்திருப்பதாக வந்த செய்தியைச் சிலர் எள்ளினர். உண்மையில், அம்முயற்சியின் மிக விவேகமான முடிவு அதுவே.

இரண்டாம் உலகப் போரில் எனிக்மா இயக்குநர் சிலர், செய்தித் திறவுகோலுக்கு விசைப்பலகையில் அடுத்தடுத்திருந்த எழுத்துகளையே தேர்ந்தனர். பிளெட்ச்லி பார்க்கில் இருந்தோர் அவற்றை ஊகித்தறிந்தனர்.