சொரியாசிஸ் சிகிச்சையில் கோவாப் பொடி

சொரியாசிஸ் (காளாஞ்சகப்படை) என்பது தோலில் சிவந்த தடிப்புகளும் வெள்ளி நிறச் செதில்களும் தோன்றும் நாட்பட்ட நோய். இது தொற்றுநோய் அன்று. ஆயினும் ஐரோப்பாவில் நெடுங்காலம் இது தொழுநோயோடு சேர்த்தே எண்ணப்பட்டது. வியன்னா மருத்துவர் ஃபெர்டினாண்ட் வான் ஹெப்ரா 1841இல் இரண்டையும் பிரித்துக் காட்டினார்.

இந்நோய்க்குப் பயன்பட்ட பழைய இயற்கை மருந்துகளுள் ஒன்று கோவாப் பொடி. பிரேசில் நாட்டு அராரோபா மரத்தின் தண்டிலிருந்து கிடைக்கும் இப்பொடி, போர்த்துகீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்து படர்தாமரைக்குப் பூசப்பட்டது. இது சொரியாசிஸுக்கும் பலன் தருவதை 1876இல் இலண்டன் மருத்துவர் பால்மன்னோ ஸ்குவயர் எடுத்துரைத்தார். முதல் உலகப் போரின்போது பிரேசில் சரக்கு ஜெர்மனிக்குக் கிடைக்காமல் போனது. அதனால் 1916இல் டித்ரனால் என்னும் செயற்கை மருந்து அங்கு பயன்பாட்டுக்கு வந்தது. 1953இல் லீட்ஸ் நகர மருத்துவர் இங்ராம், தார்க் குளியல், புற ஊதாக் கதிர், டித்ரனால் பசை ஆகியவற்றை இணைத்த சிகிச்சை முறையை வெளியிட்டார்.

மரத்திலிருந்து வந்தது என்பதால் கோவாப் பொடி தீங்கற்றதாக இருக்கவில்லை. நல்ல தோலையும் எரியச் செய்தது, துணியில் கறை படுத்தியது. டித்ரனாலுக்கும் இக்குணம் உண்டு. எனவே இதைப் பூசும் அளவையும் நேரத்தையும் மருத்துவரே முடிவு செய்கிறார். தோல் வறளாமல் களிம்பு பூசுவதும் செதில்களைச் சொறியாதிருப்பதும் நோயாளி தாமே செய்துகொள்ளக்கூடியவை.