71 அடியும் 25.4 மில்லிமீட்டரும்

ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வைகை அணை காமராஜர் ஆட்சியில், 1959-ல் திறக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 71 அடி. தேனிப் பக்கம் பள்ளிக்கூடப் பையனைக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்லிவிடுவான். 21.64 மீட்டர் என்று சொல்லிப் பாருங்கள், "அது எந்த அணை?" என்பான்!

வேடிக்கை என்னவென்றால், அணை திறப்பதற்கு முன்பே இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிவிட்டது. 1956-ல் எடை அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா, 1958 அக்டோபரில் கிலோகிராம்.

முதல் சிக்கல் காசில்தான் வந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா அல்லது 100 நயா பைசா. அப்படியென்றால் ஓர் அணாவுக்கு 6.25 பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓர் அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நான்குக்கு 25 என்று அட்டவணை போட்டார்கள். ஓரணாப் பொருளை நாலு தடவை தனித்தனியாக வாங்கினால் 24 பைசா, மொத்தமாக வாங்கினால் 25 பைசா. கணக்கு சரி, கல்லாதான் உதைக்கிறது.

வைகை அணை திறந்த அதே 1959-ல், ஜூலை 1-ம் தேதி, அங்குலத்துக்கும் ஒரு முடிவு வந்தது. அதுவரை அமெரிக்க அங்குலம் 25.4 மில்லிமீட்டருக்கு மிக மிகக் கொஞ்சம் அதிகம், பிரிட்டிஷ் அங்குலம் மிக மிகக் கொஞ்சம் குறைவு. ஸ்வீடன்காரர் யோஹான்சன் தன் அளவுக் கட்டைகளைச் சரியாக 25.4 என்றே செய்து விற்க, தொழிற்சாலைகள் அதற்கு எப்போதோ பழகிவிட்டன. ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் கடைசியில் அதையே ஒப்புக்கொண்டன.

இன்று சி.என்.சி. இயந்திரத்தில் அங்குல புரோகிராமை மெட்ரிக்காக மாற்றுகிறவர்கள் பிழைப்பது இந்த எண்ணால்தான். பல இயந்திரங்களில் ஜி20 என்றால் அங்குலம், ஜி21 என்றால் மில்லிமீட்டர். அந்த ஒரு குறியை மட்டும் மாற்றிவிட்டு எண்களை அப்படியே விட்டால் 2 அங்குலம் 2 மில்லிமீட்டர் ஆகிவிடும். பெருக்கினாலும் வேலை முடியாது. 0.001 அங்குலம் என்பது 0.0254 மில்லிமீட்டர். அதை 0.03 என்று எழுதிவிட்டால், இறுக்கமாகப் பொருந்த வேண்டிய ஷாஃப்ட் பேரிங்கில் ஏறாமல் போகலாம். கால் அங்குல போல்ட்டை 6.35 என்று எழுதலாம். மரை அதனால் எம்6 ஆகிவிடாது.

இதே தொல்லை அணையிலும் உண்டு. வைகையில் 66 அடிக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. மீட்டரில் 20.12, 20.88, 21.03. சுலபமாக இருக்கட்டும் என்று முழு எண்ணாக்கினால் 20, 21, 21. இரண்டாவது எச்சரிக்கையும் மூன்றாவது எச்சரிக்கையும் ஒன்றாகிவிட்டன! முழு நீர்மட்டமான 71 அடியை 22 மீட்டர் என்று எழுதினால் 72 அடிக்கும் மேல் போய்விடும். ஆற்றங்கரையில் வீடு வைத்திருப்பவருக்கு இது வெறும் கணக்குப் பாடம் இல்லை.

வைகைக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு 1895-ல் அடிக் கணக்கில் கட்டிய அணை. 1979-ல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். 2006-லும் மறுபடி 2014-லும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. இடையில் இருக்கும் ஆறடிக்காக இரண்டு மாநிலங்கள் வருடக்கணக்கில் வழக்காடின. 142 அடி என்பது 43.28 மீட்டர். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிட்டு 43 என்று எழுதினால் 141 அடி சொச்சம்தான் வரும். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் குறையும் ஓரடித் தண்ணீரை யார் விட்டுக்கொடுப்பார்கள்?