ஸ்கூக்ஸ்முல்லே

ஸ்வீடனில் 1957இல் யோஸ்தா ஃப்ரோம் உருவாக்கிய காட்டுக் கற்பனைப் பாத்திரம். அதன் பெயரால் நடக்கும் சிறுவர் இயற்கைக் கல்வித் திட்டத்துக்கும் இதுவே பெயர். ‘ஸ்கூக்’ என்றால் காடு. ‘முல்லே’ மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் முல்லைத் திணையோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான்.

ஃப்ரிலுஃப்ட்ஸ்ஃப்ரெம்யாண்டெட் என்ற திறந்தவெளிச் சங்கம் இந்தத் திட்டத்தை நடத்துகிறது. முக்கியமாக ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானது. பயிற்சி பெற்ற தலைவர் ஒருவர் அவர்களைக் காட்டுக்குள் அழைத்துப் போவார். மட்கிய மரத்துண்டைப் புரட்டி, அடியில் நெளியும் பூச்சிகளை உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் கட்டையை இருந்தபடியே வைத்துவிட வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து “கொல்லிக்கோக்!” என்று கூவினால், பிர்ச் மரப்பட்டைத் தொப்பியும் வாலுமாக முல்லே வந்து நிற்கும். வேடமிட்ட பெரியவர்தான்; ஆனாலும் குப்பை போடாதே என்று அது சொன்னால் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

நீருக்கு லாக்சே, மலைக்கு ஃபியெல்ஃபீனா, விண்வெளிக்கு நோவா என முல்லேவுக்குத் தோழர்கள் உண்டு. இதன் வழியில், மழையோ பனியோ பெரும்பாலான நேரத்தை வெளியில் கழிக்கும் ‘இ ஊர் ஓக் ஸ்கூர்’ மழலையர் பள்ளிகள் 1985இல் தொடங்கின. ஜப்பானுக்கும் முல்லே போயிருக்கிறது.