நன்னூல் சொன்ன கால் பங்கும் ஐதராபாத்துத் திரையும்

நான் புலவன் இல்லை. சிகந்தராபாத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பாட்டனாரிடம் திண்ணையில் உட்கார்ந்து நன்னூல் கேட்டவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

போன ஆண்டு சங்கக் கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்டார்: "செல்போன்லேயே தமிழ்ப் பாடம் எல்லாம் வந்துடுச்சே, ஞாயிறு வகுப்பு எதுக்குங்க?" பிள்ளைகள் வரவும் குறைந்திருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன்.

கருவி கொண்டு கற்பிப்பதில் ஐதராபாத் பழம் தின்று கொட்டை போட்ட ஊர். 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் போயிற்று. 'சைட்' என்பது அதன் சுருக்கப் பெயர். ஆந்திரப் பிரதேசமும் அதில் ஒன்று. தெலுங்கு நிகழ்ச்சிகள் ஐதராபாத்தில் தயாராயின. கிராமத்துப் பெட்டிகளைச் செய்ததும் இங்குள்ள ஈ.சி.ஐ.எல். நிறுவனந்தான். வானலையை வாங்கும் குடை எதனால் ஆனது தெரியுமோ? கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலை! பத்தடி அகலம். உலோகத்தில் பிழைப்பு நடத்துகிற எனக்கு இதைப் படித்ததும் ஒரு தனிச் சந்தோஷம்.

காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மொழியிலும் 22½ நிமிடம். மாலையில் ஊராருக்கு விவசாயம், உடல்நலம். ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சியும் தந்தார்கள். அதில் வெறும் திரை மட்டும் இல்லை. வானொலி, அச்சுப் பாடம், செய்முறை, கூடிப் பேசுதல் எல்லாம் சேர்த்தே வகுத்தார்கள். பாட வடிவமைப்பு என்று இன்று சொல்வது இதைத்தான்.

பலன்? பின்னர் ஆராய்ந்தவர்கள் பள்ளித் தேர்ச்சியில் பெரிய வேறுபாடு காணவில்லை. ஆனால் பிள்ளைகளின் மொழித்திறனும், அறியும் ஆவலும் கூடியிருந்தன. ஏன் இப்படி? பாலமூர் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் சிறுவயதில் அந்தப் பெட்டி பார்த்தவர். "பார்த்ததை வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு நடிச்சுக் காட்டுவோம் சேட்" என்றார். (தமிழன் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் சேட்தான்.)

எனக்குப் பவணந்தி முனிவர் நினைவுக்கு வந்தார். 13ஆம் நூற்றாண்டளவில் சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்த அந்தச் சமண முனிவர், இலக்கணத்துக்கு முன்னால் பொதுப்பாயிரத்தில் ஆசிரியன், கற்பிக்கும் முறை, மாணவன், கற்கும் முறை எல்லாவற்றையும் வகுத்து வைத்தார். அன்னம் போன்ற மாணவனும் உண்டு, ஓட்டைக்குடம் போன்றவனும் உண்டு. கொள்வோன் தகுதி அறிந்து அவன் உளம் கொள்ளக் கொடுக்கச் சொல்கிறார். அதைவிட முக்கியம் ஒரு கணக்கு. ஆசான் சொல்வதை நன்றாகவே கேட்டாலும் வருவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகிக் கால் பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி அரை. கடைக் கணக்கு மாதிரி சுத்தமான கணக்கு. திரை எவ்வளவு அழகானாலும் ஆசானுடைய கால் பங்குக்கு மேல் அதற்குப் போக முடியாது. பாலமூர்ப் பிள்ளைக்கு மீதியைக் கொடுத்தது அவன் அம்மா.

அடுத்து வந்தவர்கள் இதை ஓரளவு உணர்ந்தார்கள். 1982இல் இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஐதராபாத்தில்தான் பிறந்தது. இன்று அம்பேத்கர் பெயர் தாங்கி நிற்கிறது. அஞ்சலில் பாடம் அனுப்பியதோடு விடாமல், மாணவர் கூட ஊர்தோறும் மையம் வைத்தார்கள். அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி 1985இல் தில்லி இக்னோவுக்குப் போனார். அவருக்குப் பின் அங்கே துணைவேந்தரானவர் நம் வா.செ. குழந்தைசாமி. 2001இல் சென்னையில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை (இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம்) அமைப்பதில் முன்னின்றவரும் அவரே. நம் பிள்ளைகள் செல்போனில் பார்க்கும் தமிழ்ப் பாடத்துக்கு ஐதராபாத்துச் சம்பந்தம் இப்படியும் உண்டு!

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஞாயிறு வகுப்பை நிறுத்தவில்லை. பாடம் செல்போனில், வீட்டிலேயே. வகுப்பில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி செயலியில் எல்லாக் கேள்விக்கும் சரியான விடை போட்டவள். 'ழ'வை ஐந்து வயதுப் பையனுக்குச் சொல்லித்தரும்போதுதான் தன் நாக்கு மடங்கவில்லை என்று கண்டுகொண்டாள். இப்போது இருவரும் சேர்ந்து பழகுகிறார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு. நாற்காலி போதவில்லை, வரும்போது ஒரு பாய் கொண்டுவாருங்கள்.