கம்பளியும் பட்டமளிப்பு அங்கியும்



பூனாகலையின் குளிரை அறிந்தவர்களுக்குக் கம்பளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பண்டாரவளையிலிருந்து கொஸ்லாந்தைக்குச் செல்லும் பாதையிலுள்ள இம்மலைத் தோட்டங்களில், தலையையும் முதுகையும் கம்பளியால் மூடிக்கொண்டு விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்குப் போனவர்கள் நம் பாட்டிமார். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சிலர் இன்று பட்டமளிப்பு விழாவுக்காக வேறோர் ஆடையைத் தோளில் ஏற்றுகிறார்கள். அவ்விரு ஆடைகளின் கதையையும் சேர்த்துப் பார்ப்போம்.

பட்டமளிப்பு அங்கியும் குளிருக்கு அணிந்த ஆடைதான். மத்தியகால ஐரோப்பாவில், பாரிஸ், ஒக்ஸ்போர்ட் முதலிய இடங்களில் கற்றவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ மதகுருமாரே. குளிர்ந்த கல்மண்டபங்களில் நீண்ட அங்கியும் தலையை மூடும் முக்காடும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. காலப்போக்கில் முக்காடு முதுகில் தொங்கும் அலங்காரமாயிற்று. அதன் நிறம் பட்டத்தையும் துறையையும் காட்டும் அடையாளமாயிற்று.

தமிழர் பட்டத்துக்குப் பிந்தியவர்களல்லர். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள். அவர்கள் கல்வியால் கடல் கடந்து உயர்ந்த அதே காலத்தில், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கோப்பித் தோட்டங்களை நாடி இக்கரைக்கு வந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள்.

அவர்களுக்குத் தோட்டத்தில் கம்பளி கிடைத்தது, இனாமாக அல்ல. அதன் விலை கணக்கில் ஏறிச் சம்பளத்தில் கழிந்தது. கங்காணியிடம் பட்ட கடன் வேறு. அக்கடனைக் குறித்த 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் ஒருவர் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதே 1921இல்தான் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டு, லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரைத் தயார்செய்யத் தொடங்கியது. நாட்டின் ஒரு பகுதியார் பட்டச் சீட்டுக்கு வழி தேடிய ஆண்டில், நம்மவர் கடன் சீட்டிலிருந்துதான் விடுபட்டனர்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனுக்கு வெளியே நின்றன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதே பல தோட்டங்களின் நிலை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தாரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டங்கள் தேசியமயமான 1970களிலேயே அப்பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்ததோ 2003இல்.

இத்தனையும் தாண்டித்தான் ஒரு பிள்ளை இன்று பேராதனைக்குப் புறப்படுகிறாள். சேலை வாங்கியாயிற்று, அங்கியை வாடகைக்குச் சொல்லியாயிற்று. மண்டபத்துக்குள் எத்தனை பேருக்கு இடமுண்டு என்று வீட்டில் பேச்சு. அம்மாவும் அப்பாவும் போகட்டும், நான் போட்டோவில் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள் பாட்டி. பண்டாரவளையில் புகையிரதம் ஏற வேண்டும். 1924இல் பதுளைவரை நீண்ட அப்பாதையில் ஊவாவின் தேயிலை கொழும்புக்குப் போயிற்று. இன்று அதே பாதையில் கொழுந்து பறித்தவளின் மகள் பட்டம் வாங்கப் போகிறாள்.

2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தோன்றியது. பல்கலைக்கழகம் மலைக்கே வந்துவிட்டது. ஆனால் அதன் வாசலுக்கு வந்து சேரும் தோட்டத்துப் பிள்ளைகள் இன்னும் குறைவே.

வாடகை அங்கி விழா முடிந்ததும் திரும்பிப் போய்விடும். புகைப்படம் மட்டும் லயத்துச் சுவரில் தங்கும். ஒரு லயத்தில் ஒரே ஒரு படம் தொங்குவது இன்று நமக்குப் பெருமையாக இருக்கிறது. எல்லா வீட்டிலும் ஒன்று தொங்கி, அதை யாரும் புதினமாகப் பார்க்காத நாள் வர வேண்டும்.