கீத்துப் பந்தலும் கல்லூரிச் சேர்க்கையும்

சிவகிரியில் ஜமீன் இருந்த காலத்தில் கல்யாணத்தை நடத்திக்கொடுக்க என்று தனியாக ஓர் ஆள் கிடையாது. பந்தல் கட்ட ஒரு குடும்பம், மேற்கட்டிக்கு வெள்ளை கட்ட ஒரு குடும்பம், ஊர் அழைக்க ஒரு குடும்பம், சமையலுக்குத் தவசிப்பிள்ளை. யார் எதைச் செய்வது என்பதைச் சாதி முடிவு செய்தது. கூலியையும் அதுவே முடிவு செய்தது: கொஞ்சம் நெல், ஒரு வேட்டி, எல்லாரும் எழுந்த பிறகு சோறு. அந்தக் காலம் போல வருமா என்று ஏங்குகிறவர்கள் இந்தக் கூலிக் கணக்கை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

வாடகைப் பாத்திரம், பந்தல், ரேடியோ செட் என்று இந்தத் தொழிலிலேயே கிடந்தவன் நான். இப்போது பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டு, "ஈவென்ட் மேனேஜ்மென்ட் படிக்கணும் தாத்தா, எந்தக் காலேஜ்ல சேரட்டும்?" என்கிறாள். தொழில் எந்த வழியாக வந்தது என்று தெரிந்தால்தான் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1803 முதல் நிரந்தரப் பட்டயத்தோடு இருந்த எங்கள் பக்கத்து ஜமீன்களுக்கு முடிவு வந்தது. திருவிழாவுக்கும் விசேஷத்துக்கும் அள்ளிக் கொடுத்த கை போனதும், ஊர் வரி போட்டது, கமிட்டி வைத்தது. கமிட்டி என்றால் விலை கேட்கும், ரசீது கேட்கும், குறைத்துக் கேட்கும். பந்தல்காரர் 'கான்ட்ராக்டர்' ஆனது இப்படித்தான்.

மின்சாரம் இன்னொரு கதை. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் ஓடத் தொடங்கியது. கம்பி கிராமங்களுக்குள் வர மேலும் பல வருஷம் ஆனது. அதுவரை மாப்பிள்ளை அழைப்புக்குக் காந்த விளக்கைத் தலையில் சுமந்து நடக்க ஆள் வேண்டும். கரண்ட் வந்த பிறகு பனை உச்சியில் குழாய் ஸ்பீக்கர் ஏறியது. அஹுஜா ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவருக்கு ஊரில் தனி மரியாதை. "ரேடியோ கட்டியாச்சா?" என்று கேட்டால், கல்யாண வேலை தொடங்கியாச்சா என்று அர்த்தம்.

மேடை எங்களுக்கு வந்தது அரசியலிலிருந்து. இது என் கணிப்பு. 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னிலையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1967-ல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த திருத்தச் சட்டம் அப்படிப்பட்ட திருமணங்களைச் செல்லும் என்று ஆக்கியது. கல்யாணம் பொதுக்கூட்டம் மாதிரி ஆயிற்று: மேடை, மைக், தலைமை, வாழ்த்துரை, நன்றியுரை. ஐயர் வைத்து நடத்துகிற வீட்டுக்காரர்களும் பிறகு மேடையும் மைக்கும் கேட்டார்கள். இன்றைய 'ரிசப்ஷன் ஸ்டேஜ்' அந்தக் கூட்ட மேடையின் வாரிசு. இந்தத் தொழிலின் தொடக்கமாகப் பேத்தி படிக்கப்போகும் புத்தகங்கள் 1955-ல் திறந்த டிஸ்னிலாண்டையும், சாயங்காலமே வீட்டுக்குக் கிளம்புகிற கூட்டத்தைப் பிடித்துவைக்க அங்கே ராத்திரி ஊர்வலம் விட்டதையும் சொல்லும். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா பார்த்து வளர்ந்தவளுக்கு அது பெரிய செய்தியாக இருக்காது.

ஆனால் இந்தத் தொழிலை இரண்டாகப் பிரிக்கும் தேதி ஒன்று உண்டு: 2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் கீத்துப் பந்தல். வீடியோ எடுக்க விளக்கு போட்டிருந்தார்கள். மின்கம்பியில் கிளம்பிய பொறி கீத்தில் பற்றியது. இறங்கும் படியோ குறுகல். மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த எந்தப் பந்தல்காரருக்கும் அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது. அந்தப் பந்தல் எல்லா ஊரிலும் நாங்கள் அப்போது கட்டிவந்த பந்தல்தான். முந்தின நாளே கட்டிய கீத்து வெயிலில் காய்ந்து சருகாக நிற்கும். வீடியோக்காரர் வருவார், ஆயிரம் வாட் ஹாலஜனுக்கு மெல்லிய வயரில் இழுப்பார், முறுக்கிய இணைப்பில் டேப் சுற்றியும் சுற்றாமலும் விட்டு, வயரைக் கீத்துக்குள்ளேயே செருகிவிடுவார். சமையல் தவசிப்பிள்ளையின் பொறுப்பு, பந்தல் எங்கள் பொறுப்பு, விளக்கு அவர் பொறுப்பு. மூன்றையும் சேர்த்துப் பார்த்து, "இந்த வயர் இங்கே போகக்கூடாது, இந்த வழியை நாற்காலி போட்டு அடைக்கக்கூடாது" என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கீத்துக் கூரைத் தீயில் போனார்கள். அதன் பிறகு கீத்து என்றாலே அதிகாரிகள் முகம் மாறியது. தகரப் பந்தலும் துணிப் பந்தலும் வந்தன. கீத்து முடைந்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள்.

என்னைக் கேட்டால், ஈவென்ட் மேனேஜர் என்கிற வேலைக்கு நியாயம் ஸ்ரீரங்கத்தில் தீப்பிடித்த அன்றைக்குத்தான் பிறந்தது. பூ அலங்காரத்துக்கும் நிறப் பொருத்தத்துக்கும் அல்ல.

பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 2006-ல் இயற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தால் கேட்டரிங் செய்கிறவர் பதிவோ உரிமமோ எடுக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2004-க்கு முன்பே இருந்தது. 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூசிய தட்டு கிடையாது. 2020-ல் கொரோனா வந்து, கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்றதும், கோட்டை அடுப்பு வெட்டி ஆயிரம் இலைக்கு ஆக்கிப் பழகிய சமையல்காரர் ஐம்பது இலைக்கு எவ்வளவு உப்பு என்று தடுமாறினார்.

கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். மும்பை, சென்னை என்று தனியார் டிப்ளமோ விளம்பரங்கள் நிறைய வருகின்றன. பேத்தி காட்டிய பாடத்திட்டம் ஒன்றில் 'தீம்', 'பிராண்டிங்' எல்லாம் இருந்தது; தீயணைப்பு பற்றி ஒரு வரி இல்லை. நான் சொன்னது இது: நுழைவுத் தேர்வு எழுதி சென்னை தரமணி ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனத்திலோ, திருச்சி துவாக்குடியில் உள்ள மாநில அரசு நிறுவனத்திலோ இடம் கிடைத்தால் போ. மொத்தச் சமையல், சுத்தம், பரிமாறல், கணக்கு எல்லாம் முறையாக வரும். கிடைக்காவிட்டால் குற்றாலத்தில் கோயில் நடத்துகிற பராசக்தி மகளிர் கல்லூரி 1964-லிருந்து இருக்கிறது. ஒரு பட்டம் வாங்கு, முகூர்த்த நாளில் கடைக்கு வா. சாரல் விழாக் கூட்டத்தைப் பார்த்தே வண்டி நிறுத்தம் முதல் கழிப்பறை வரை பாதிப் பாடம் படித்துவிடலாம்.

பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டும் முன்னால், கையில் வரப்போவது பல்கலைக்கழகப் பட்டமா, அந்த நிறுவனமே அச்சடிக்கும் சான்றிதழா என்று பாருங்கள். அதற்கும் முன்னால், ஒரு வைகாசி மாத முகூர்த்தத்துக்குப் பிள்ளையை எங்களைப் போன்ற கடைக்காரர் யாரிடமாவது அனுப்புங்கள். விடிகாலை அண்டா இறக்குவதிலிருந்து ராத்திரி எச்சில் இலை எடுக்கும்வரை நிற்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள்.