உணவுக்குப் பிந்திய சர்க்கரைத் தாழ்வு

உணவு உண்டபின் ஐந்து மணி நேரத்திற்குள், இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் மிதமிஞ்சி இறங்கிவிடுவதால், கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, அகோரப் பசி, கண் இருட்டல், சிந்தைத் தடுமாற்றம் ஆகிய லட்சணங்கள் தோன்றி, ஏதேனும் ஆகாரம் உட்கொண்ட சிறிது நேரத்தில் மறைந்துபோகிற நிலை இப்பெயரால் வழங்கப்பெறுகிறது. செங்கல்பட்டுப் பக்கத்தில் ‘லோ சுகர்’ என்றும் ‘சுகர் இறங்கிப்போச்சு’ என்றும் சொல்லப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று. ஆயினும் அவ்வாறு சொல்லப்படுவன யாவும் இதுவல்ல.

1921ஆம் ஆண்டில் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்து, அம்மருந்தின் அளவு மிகுந்தால் நேரும் விபரீதங்களும் வைத்திய உலகிற்குப் பழக்கமான பின்னர், அமெரிக்காவின் அலபாமா மாகாணத்து வைத்தியர் சீல் ஹாரிஸ், அம்மருந்தை ஒருபோதும் ஏற்றிக்கொள்ளாதவர்களிடமும் அதே லட்சணங்களைக் கண்டு 1924இல் எழுதினார். 1938இல் அறுவை நிபுணர் ஆலன் விப்பிள் மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: லட்சணம் இருத்தல் வேண்டும், அத்தருணத்திலேயே சர்க்கரை தாழ்ந்திருத்தல் வேண்டும், சர்க்கரை உயர்ந்ததும் லட்சணம் நீங்குதல் வேண்டும். இம்மூன்றையும் மறந்து, சோர்வு, கவலை, தூக்கமின்மை அனைத்திற்கும் இந்நோயையே காரணமாக்கும் மோகம் அமெரிக்காவில் பரவியதனால், 1973இல் அந்நாட்டு வைத்திய சங்கங்கள் அதனை மறுத்து அறிக்கை விடவும் நேர்ந்தது. நம் நாட்டில் அம்மோகம் இப்பொழுதுதான் தலைதூக்குகிறது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

காரணங்கள் பல. இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு, உணவு அங்கே தங்கி மெல்ல இறங்காமல் சிறுகுடலில் ஒரேயடியாய்ப் பாய, குளுக்கோஸ் திடீரென ஏறி, அதற்கு ஈடுகொடுக்கச் சுரக்கும் இன்சுலின் தேவைக்கு மிஞ்சி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். குடற்புண் மலிந்திருந்த தென்னிந்தியாவில் இவ்வறுவை ஒரு காலத்தில் மிகச் சாதாரணமாக இருந்தது. எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்டவரும், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டு பணிபுரிந்தவருமான ஹோவர்ட் சாமர்வெல் இத்துறையில் பேர் பெற்றவர். குடற்புண் மருந்துகளால் அவ்வறுவை அருகிவிட்ட இக்காலத்தில், உடல் எடையைக் குறைக்கச் செய்யப்படும் இரைப்பை மாற்றுவழி அறுவை அதே தொல்லையைச் சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்துத் தருகிறது.

இரண்டாவது காரணம், வரவிருக்கும் நீரிழிவின் முன்னறிவிப்பு. உணவு இறங்கியதும் சுரக்கவேண்டிய இன்சுலின் தாமதித்து, பின்பு காலந்தவறி மிகுதியாய்ச் சுரப்பதால், நாலைந்து மணி நேரம் கழித்துத் தாழ்வு நேர்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, வயதுவந்தோரில் 11.4 சதவீதத்தினர் நீரிழிவும் 15.3 சதவீதத்தினர் அதற்கு முந்தைய நிலையும் உடையவர் என மதிப்பிட்டிருப்பதால், இக்காரணத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. எஞ்சியோருள் பலருக்குக் காரணம் இன்னதென்று புலப்படுவதேயில்லை.

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடமொன்றில், காலை ஏழு மணிக்கு நாலு இட்லியும் சர்க்கரை தூக்கலான காப்பியுமாகப் பசியாறி உட்கார்ந்தவருக்குப் பதினொரு மணிக்கு உளி பிடித்த விரல் நடுங்குமாயின், அது சர்க்கரைத் தாழ்வாக இருக்கலாம். வெயிலில் நீர் வற்றியதாக, இரத்த அழுத்தக் குறைவாக, வெறும் பதற்றமாகவும் இருக்கலாம். அந்தத் தருணத்தில் இரத்தத்தைச் சோதித்தாலன்றி நிர்ணயம் இல்லை. நீரிழிவு இல்லாதவருக்கு ஒரு டெசிலிட்டரில் 55 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால்தான் ஐயம் வலுப்படும். விரல்நுனிக் கருவி தாழ்ந்த அளவுகளில் பிழைபடக் கூடுமாகையால், சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தால் அதனை உறுதிசெய்வர். வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையில் ஆரோக்கியமானவர் சிலருக்கும் சர்க்கரை தாழ்ந்துபோவதால், இதற்கு அது உதவாது. வழக்கமான உணவைப் போன்ற கலப்புணவு கொடுத்துப் பார்ப்பதே முறை.

சிகிச்சையில் பெரும்பங்கு சமையலறையைச் சார்ந்தது. குவித்த சாதத்தைக் குறைத்து, கூட்டு, பொரியல், பருப்பு, சுண்டல், செங்கல்பட்டுக் கடற்கரையில் தட்டின்றிக் கிடைக்கும் நெத்திலி, சங்கரா போன்றவற்றைப் பெருக்கி, மூன்று வேளை உணவை ஐந்தாறாகப் பிரித்து உண்ணுதல் நலம். கேழ்வரகு எவ்வடிவிலும் கேடற்றது என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. நைசாக அரைத்து நீர்க்கக் கரைத்த கூழ் விரைவில் ஜீரணமாகிவிடும். படபடப்பு வரும்போதெல்லாம் மிட்டாயும் குளிர்பானமும் நாடுவோர், ஏறிய சர்க்கரை மீண்டும் விழும் சுழலில் அகப்படுகிறார்கள். படபடப்பு அடங்கியதும் சிறிது சுண்டலோ வேர்க்கடலையோ உண்பது அதனைத் தடுக்கும்.

உணவு மாற்றத்தால் தீராத அறுவை நோயாளிகளுக்கு மாவுச்சத்தின் ஜீரணத்தைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மாத்திரை கொடுப்பதுண்டு. அதனை உண்பவர் தாழ்வு நேருங்கால் வெல்லமோ சீனியோ பயன் தராதாகையால் குளுக்கோஸ் பொடியையே கைவசம் வைத்திருக்க வேண்டும். இன்சுலினோ கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொள்ளும் நீரிழிவாளர்களுக்கு, 55க்குக் கீழே இறங்கினால்தான் ஐயுறும் மேற்சொன்ன நிதானம் பொருந்தாது. அவர்களுக்கு 70க்குக் கீழே இறங்கினாலே உடனடியாக 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.